கள்ளத்தோணியும் கரையேற்றமும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



இம் மஞ்சக்குப்பத்தினின்று மேற்கே கெடிலக்கரையைப் பற்றிச் சென்றால் கரையேறவிட்டகுப்பம் என்றோர் ஊர் உண்டு. பல்லவ வேந்தனின் சினத்துக்கு ஆளாகிக் கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற நாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரைசேர்ந்த இடம் அஃது என்பது வழிவழி வரும் செய்தி. சித்திரைத் திங்களில் கரையேற்று விழா இன்றும் நிகழ்கின்றது. பாதிரிப்புலியூரார் அவரை எதிர்கொண்டு அழைத்து மகிழ்ந்தனர் என்றே பெரியபுராணம் கூறுகின்றது. கடவுச்சீட்டு எங்கே என்று வினவியதாகக் கூறவில்லை. இது நகைப்புக்காகச் சொல்வதன்று. எந்த அரசின் கொடுமையால் ஒருவன் கடலிற் பாய்கின்றானோ அந்த அரசே அவனுக்குப் பயணச்சீட்டு எழுதித் தந்து வழியனுப்பும் என்று எதிர்பார்க்கும் சட்டம் ஒன்று இற்றை நாளில் இந்திய நாட்டில் உள்ளது. இங்கு எடுத்துப் பேசப்படும் பொருள் அதுவே.

சட்டத்துக்குப் புறம்பாகக் குடிபுகுவோரை என்செய்வது என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. மதில் எழுப்புக என்பார் ஒரு சாரார். எல்லையே வேண்டா என்பார் பிறிதொரு சாரார். இரண்டும் எளிய பேச்சு. எந்த அரசுக்கும் தன் எல்லைக்குள் வருவார் யார், தங்குவார் யார் என அறிந்துகொள்ளும் உரிமை உண்டு. உரிமை மட்டுமன்று, கடமையும் ஆம். அதனை மறுப்பார் ஆட்சியின் இயல்பறியாதார். ஆனால் எல்லை என ஒன்று இருந்தால் அதற்கு வாயில் என ஒன்றும் இருத்தல் வேண்டும். வாயிலே வையாது மதில் எழுப்பிவிட்டு, மதிலேறி வந்தான் எனக் குற்றம் சாட்டுவது முறையன்று.

முதலில் சொற்களைப் பார்ப்போர்க்கே பொருள் விளங்கும். 'அகதி' என்பது கதியற்றவன் என்னும் பொருளுடைய வடசொல். ஈழத்தமிழர் அதனை விலக்கி 'ஏதிலி' என்னும் தூய சொல்லை வழங்கினர்; நல்ல ஆக்கம். ஆயினும் பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார். மட்டக்களப்பானும் யாழ்ப்பாணத்தானும் கடலூரில் அயலானா என்று கேட்பார்க்கு அச்சொல்லும் முழுதும் உவப்பதன்று. 2021-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தமிழக முதலமைச்சர் மு.க. இசுடாலின், ஏதிலியர் முகாம்கள் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றே பெயர்பெறும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். முகாம் என்னும் அரபுவழிச் சொல் அப்படியே நிற்கின்றது, அது கிடக்க. பெயர் மாறியது நன்று. பெயர்ப்பலகையின் கீழ் வாழ்வாரின் சட்ட நிலை மாறிற்றா என்பதே கேள்வி.

இன்னொரு சொல் 'கள்ளத்தோணி'. தமிழிற் பிறந்து சிங்களத்திற் குடியேறிய சொல் அது. அதற்கு மட்டும் எந்தக் கடவுச்சீட்டும் வேண்டியிருக்கவில்லை! இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர் ஏறத்தாழ 7 இலக்கம் பேரை நாடற்றவராக்கிற்று. முப்பாட்டன் காலத்தில் வெள்ளைத் துரைமாரின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர் வழியினர் அவர். தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டையினின்றும் இத் தென்னார்க்காட்டினின்றும் போனவர். காடழித்து மலையைப் பொன்விளையும் பூமியாக்கியபின், உன் பாட்டன் இங்குப் பிறந்தானா, தாளைக் காட்டு என்றனர். கூலிக்காரன் வீட்டில் தாள் ஏது? தாளில்லாத அத்தனை பேரும் ஒரே நாளில் கள்ளத்தோணி ஆயினர். அம்மக்களைக் கைவிட்டதற்காகவே செல்வநாயகனார் பொன்னம்பலனாரைப் பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சி கண்டார்.

இங்கே ஒன்றை ஊன்றிக் காண்க. தோணியேறி வந்ததால் கள்ளராயினார் சிலர். சட்டம் எழுதப்பட்டதால் கள்ளராயினார் பல இலக்கவர். 1954 சனவரியில் சவகர்லால் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடு களவாகக் குடிபுகுதலைத் தடுப்பது பற்றித்தான் முதலிற் பேசிற்று. வடகடலோரத்தில் அதற்கெனப் படைப்பிரிவு நிறுத்தப்பட்டது. ஆயினும் அவ்வளவு காவலும், தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே கிடந்த இலக்கக்கணக்கினர் யார் என்னும் வினாவைத் தீர்க்கவில்லை. தீர்க்கவும் இயலாது; அவர் கடலில் இல்லை, மலையில் இருந்தனர்.

பின்னர் 1964 அக்தோபர் 30-ஆம் நாள் இலால் பகதூர் சாத்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பங்கு போட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிரிமாவோவும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மாட்டுச் சந்தையிற்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்களை ஒரு சொல் கேட்டார் இல்லை. கேளாது செய்ததாயினும் அஃது ஓர் அரசு மற்றோர் அரசுக்குக் கொடுத்த எழுத்து. அவ்வெழுத்துப்படி வந்தவர்க்குத் தமிழக அரசு தேயிலைத் தோட்டக் கழகம் கண்டு கூடலூர்ப் பக்கம் வேலையளித்தது. வந்து சேராதவர் கதைதான் இன்றுவரை தொடர்கின்றது. விண்ணப்பித்துக் காத்திருந்தவரும், இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கப்பலுக்கு நின்றவரும் பல்லாயிரவர். 1984-இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றது. முந்திய ஆண்டு சூலையிலேயே கொழும்பு எரிந்துவிட்டது.

கப்பல் நின்றபின் என்செய்வர்? தோணியேறினர். அரசு எழுத்து மூலம் அழைத்தவன், அரசு கப்பலை நிறுத்தியதால் தோணியில் வந்தான். வந்தவுடன் அவனுக்கு 'முறையின்றி வந்தவன்' என்று பெயர். இராமநாதபுரத்து மண்டபம் அறிவீர். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களைத் தடுத்துவைத்து நோயுண்டோ என ஆராய்ந்து கப்பலேற்றிய இடம் அது. 1983-க்குப் பின் தோணியில் வந்தவரைப் பதிவுசெய்த இடமும் அதுவே. பாட்டன் புறப்பட்ட கொட்டிலிலேயே பேரன் வந்திறங்கி அயலான் என எழுதப்பட்டான்.

1983 முதல் வந்தவர் தொகை 3,04,269 என்பது தமிழக அரசு தந்த கணக்கு. பெரும்பாலார் திரும்பினர், அல்லது வேறு நாடு சென்றனர். 2021-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், வெளியே காவல்நிலையப் பதிவில் 34,087 பேரும் இருந்தனர். அவ்வாண்டே 317 கோடி உருபாவுக்கு மேற்பட்ட திட்டமும் 7,469 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. குடும்பத் தலைவர்க்குத் திங்கள்தோறும் தரும் உதவித்தொகை 1,000 உருபாவினின்று 1,500 ஆயிற்று. வீடு தரலாம், அரிசி தரலாம், கல்லூரியில் இடமும் தரலாம். மாநில அரசின் கை அவ்வளவே நீளும். குடியுரிமை என்பது அரசியலமைப்பில் ஒன்றியப் பட்டியலில் உள்ளது.

இனி இந்தியச் சட்டத்துக்கு வருவோர் பொறுமையோடு கேட்டல் வேண்டும். முடிச்சு அங்கேதான் உள்ளது.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதலில் தாராளமானது. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் முடிய இந்திய மண்ணிற் பிறந்த எக்குழந்தையும் இந்தியக் குடிமகவு. பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. 1987 சூலை முதல், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும் என்றாயிற்று. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி சென்றது. அது 2004 திசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிய கடவுச்சீட்டின்றி வந்தவர் அனைவரும் 'சட்டப்புறம்பாகக் குடிபுகுந்தோர்' என வரையறுக்கப்பட்டனர். அவர் பதிவு வழியாகவும் குடியுரிமை கேட்கலாகாது. நீண்டநாள் வாழ்ந்த வழியாகவும் கேட்கலாகாது. பெற்றோருள் ஒருவர் இந்தியராயிருப்பினும், மற்றவர் அவ்வாறு குடிபுகுந்தவராயின் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை.

இதன் பொருளை இம்மாவட்டத்திலேயே வைத்துப் பாருங்கள். குறிஞ்சிப்பாடியிலும் அம்பலவாணன்பேட்டையிலும் ஏதிலியர் குடியிருப்புகள் உள. ஆடவர் பலர்க்குச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை. பெண்கள் வயல்வேலைக்கும் கடைவேலைக்கும் செல்வர். பிள்ளைகள் கடலூர்ப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பிற் படிக்கின்றனர். ஒரே ஊரில் வளர்ந்தவர் காதலித்தலும் மணத்தலும் இயல்பு. நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி குறிஞ்சிப்பாடிக் குடியிருப்பு இளைஞனை மணந்தால், அவள் தாத்தனும் பூட்டனும் பெண்ணையாற்றுப் படுகையில் உழுதவராயினும், அவள் வயிற்றுப் பிள்ளை சட்டத்தின் முன் இந்தியக் குடிமகவன்று. அப்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும். பொறியியலும் முடிக்கும். அரசுப் பணித்தேர்வு எழுதவியலாது, கடவுச்சீட்டுப் பெறவியலாது. படிப்பை முடித்தபின் தந்தையின் வண்ணத் தூரிகையையே எடுக்கும். கள்ளத்தோணியே ஏறாத பிள்ளைக்குக் கள்ளத்தோணிப் பட்டம்! அதுவும் கருவறையிலேயே.

2019-இல் ஒன்றிய அரசு இச்சட்டத்தை மீண்டும் திருத்திற்று. ஆப்கானித்தான், வங்காளதேசம், பாக்கித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று 2014 திசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தார்க்குச் 'சட்டப்புறம்பானோர்' என்னும் பெயர் நீங்கிற்று. குடியுரிமைக்கு வழியும் திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. இசுலாமியரும் இல்லை. தமிழகச் சட்டமன்றம் 2021 செபுதம்பரில் அத்திருத்தத்தைத் திரும்பப் பெறுக எனத் தீர்மானம் இயற்றிற்று. அவ்வழக்கு ஒருபுறம் இருக்க, ஒன்று மட்டும் தெளிவாயிற்று: பெயரை ஒட்டியதும் சட்டம், பெயரை உரித்ததும் அதே சட்டம். இயலாது என்பது இல்லை.

2025 செபுதம்பர் 1-ஆம் நாள் புதிய குடிவரவு - அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே ஒரு விலக்காணையும் வெளிவந்தது. 2015 சனவரி 9-ஆம் நாள் வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு இல்லை என்பதற்காகத் தண்டிப்பதில்லை என்கின்றது அவ்வாணை. நல்லதே, சிறையச்சம் நீங்கிற்று. ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. அதே ஆணை முற்கூறிய மூன்று நாட்டார்க்கு 2024 திசம்பர் 31 வரை காலவரை தருகின்றது. தமிழர்க்கு மட்டும் ஏறத்தாழப் பத்தாண்டு குறைவு ஏன்? 2022 மார்ச்சு முதல் இலங்கையில் அரிசியும் பாலும் இல்லாது தனுக்கோடி மணல்திட்டில் வந்திறங்கிய குடும்பங்கள் இதனால் வெளியே நிற்கின்றன.

சரி, என்னதான் செய்வது? அனைவரையும் ஒரே மூட்டையிற் கட்டுவதே முதற் பிழை. முகாமில் வாழ்வாருள் மூவகையினர் உளர். மூவர்க்கும் மருந்து ஒன்றன்று.

ஏற்கெனவே இந்தியராயிருந்தும் தாம் இந்தியர் என அறியாதவர் ஒரு வகை. 1987 சூலைக்கு முன் இங்குப் பிறந்தவர் அவர். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்து திருச்சிக் கொட்டப்பட்டில் வாழும் ஒரு பெண், தாம் பிறப்பாலேயே இந்தியர் என வழக்காடி 2022-இல் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளையில் வென்றார். கடவுச்சீட்டும் பெற்றார், 2024 தேர்தலில் வாக்கும் அளித்தார். சட்டம் அவர்க்கெனப் புதிதாக ஒன்றும் எழுதப்படவில்லை. முப்பத்தாறு ஆண்டாக இருந்த உரிமையை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை, அவ்வளவே. இவர்க்கு வேண்டுவது திருத்தம் அன்று; ஆட்சியரகத்து எழுத்தர் ஒருவரும் ஒரு முத்திரையும்.

இரண்டாம் வகையினர் மலையகத் தமிழர். அவர்க்கு இந்தியா கொடுத்த 1964-ஆம் ஆண்டு எழுத்து இன்னும் கடனாக நிற்கின்றது. 2019 சூனில் அதே மதுரைக் கிளை, 65 பேர் தொடுத்த வழக்கில், சட்டத்தின் சொற்படி அவர் புறம்பானவரேயாயினும் அதனைத் தளர்த்தும் ஆற்றல் ஒன்றிய அரசுக்கு உண்டு என்று கூறி, விண்ணப்பங்களை ஆய்ந்து முடிவுசெய்யப் பணித்தது. ஒப்பந்தப்படி வரவேண்டியவரைத் தோணியில் வந்தார் என்று தள்ளுவது, கடன் வாங்கியவன் பத்திரம் நனைந்துவிட்டது என்று கையை விரிப்பது போலாம். இலங்கை அரசே 2003-இலும் 2009-இலும் சட்டம் செய்து நாடற்றோர்க்குக் குடியுரிமை வாயில் திறந்தது. அவ்வகையில் சிங்கள அரசுக்குப் பின்தங்கி நிற்பது தில்லிக்கு அழகன்று.

எஞ்சியவர் வடக்கும் கிழக்குமாகிய ஈழத்தினின்று போருக்கு அஞ்சி வந்தவர். இவர் எல்லாரும் இங்கே தங்கவே விரும்புவர் எனக் கொள்வது தவறு. வன்னியில் தென்னந்தோப்பும் கிணறும் விட்டுவந்த முதியவர்க்கு மனம் அங்கேயே. இங்குப் பிறந்து இங்கே படித்த பேரனுக்கு அவ்வூர் ஒரு கதை. ஒரு வீட்டிலேயே இருவேறு விருப்பம். ஆகவே தெரிவு அவரவர் கையில் இருத்தல் வேண்டும். திரும்புவார்க்குப் பிறப்புச் சான்றும் நிலமும் கிடைக்க இரு அரசும் பேசி முடித்தல் வேண்டும். தங்குவார்க்குக் குடியுரிமை வேண்டும்.

தங்குவார்க்கு எவ்வழி? அதற்குப் புதுநெறி காண வேண்டுவதில்லை, சட்டப்புத்தகத்திலேயே உள்ளது. அசாம் மாநிலக் கிளர்ச்சிக்குப் பின் 1985-இல் சேர்க்கப்பட்ட 6அ என்னும் பிரிவைப் பாருங்கள். வங்கத்தினின்று 1966-க்கு முன் வந்தவர் குடிமக்களே. 1966 முதல் 1971 மார்ச்சு 24 வரை வந்தவர் பதிவுசெய்துகொள்க. பத்தாண்டு வாக்குரிமை இல்லை, மற்றைய உரிமைகள் உண்டு. பத்தாண்டு கழிந்தபின் முழுக் குடிமக்கள். அதன்பின் வந்தவர்க்கு இடமில்லை. உச்சமுறைமன்றம் 2024 அக்தோபரில் இப்பிரிவு செல்லும் என உறுதிசெய்தது. அசாமியர் சிலர்க்கு இதில் மனக்குறை உண்டு. சிறிய இனம் தன் மண்ணிற் சிறுபான்மையாகிவிடுமோ என்னும் அச்சம் பொய்யன்று. தமிழகத்தில் அவ்வச்சத்துக்கும் இடமில்லை: வந்தவர் ஓரிலக்கத்துக்கும் குறைவு, பேசுவது தமிழ். அங்கே இலக்கக்கணக்கில் ஏற்றது இங்கே ஆயிரக்கணக்கில் ஏற்கத் தடை யாது? அதே அச்சில் 6அ-வைப் போன்றொரு பிரிவு இலங்கைத் தமிழர்க்கும் வேண்டும். வாக்குரிமைக்குப் பத்தாண்டு காத்திருப்பு மட்டும் வேண்டா. முப்பதும் நாற்பதும் ஆண்டு காத்தவர் அவர்.

விண்ணப்பத்தைத் தில்லிக்கு அனுப்பிக் காத்திருக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். குசராத்து, இராசத்தான் முதலிய மாநிலங்களில் 13 மாவட்ட ஆட்சியர்க்கு 2021-இல் குடியுரிமை வழங்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசே பகிர்ந்தளித்தது. அங்குள்ள ஆட்சியர்க்குத் தரக்கூடியதைக் கடலூர் ஆட்சியர்க்கும் தரலாம்.

இவ்வளவு செய்தும் வாயில் திறவாவிடின் பயனில்லை. அமெரிக்க நாடு 1986-இல் ஒரு சட்டம் செய்து, முறையின்றி வந்து வாழ்ந்த ஏறத்தாழ 27 இலக்கம் பேரை முறைப்படுத்திற்று. நன்றே செய்தது. ஆனால் பின்வருவார்க்கு நேர்வழி போதிய அளவு வகுக்கவில்லை. வேலை கொடுக்கும் முதலாளியை இறுக்கிப் பிடிக்கவுமில்லை. சில ஆண்டில் மீண்டும் இலக்கக்கணக்கினர் மறைவழியில் வந்து சேர்ந்தனர். பாக்கு நீரிணையில் மறைவழித் தோணிக்காரன் வாங்கும் பணம் அரசு கப்பல் கட்டணத்தைப் போற் பன்மடங்கு. கப்பல் ஓடினால் அவன் பிழைப்புப் போம். நாகப்பட்டினம் - காங்கேயன்துறைக் கப்பல் 2023 அக்தோபரில் தொடங்கி இடையிற் கடல்நிலையால் நின்று 2024 ஆகத்தில் மீண்டும் ஓடிற்று. அக்கப்பலை நில்லாது ஓட்டுவதும், இருபுறத் துறையிலும் நுழைவிசைவு எளிதிற் கிடைக்கச் செய்வதும், எந்தக் கடலோரக் காவற்படகினும் வலிய காவல். குடியிருப்பில் நம்பிக்கை இழந்த இளைஞர் தரகர்க்குப் பணங்கட்டி ஆத்திரேலியாவுக்குப் படகேறிய அவலமும் அதனோடு சேர்ந்தே குறையும்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இன்னும் ஒப்பமிடவில்லை. அதனால் யார் ஏதிலி, யார் ஊடுருவல்காரன் எனப் பிரித்தறியும் சட்டமே இங்கில்லை. திபேத்தியர்க்கு 2014-இல் ஒரு மறுவாழ்வுக் கொள்கை வகுத்தனர், தமிழர்க்கு ஓர் அரசாணை, பிறர்க்கு ஒன்றுமில்லை. 2025 மே திங்களில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலக ஏதிலியர்க்கெல்லாம் இடமளிக்க இந்தியா சத்திரம் அன்று என்னும் கருத்தை உச்சமுறைமன்ற அமர்வு கூறிற்று. சத்திரமே ஆயினும் வருவார் பெயரெழுதப் பதிவேடு ஒன்று வைத்திருப்பர். அப்பதிவேடாகிய ஏதிலியர் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றக் கேட்பது தமிழக உறுப்பினர் முப்பத்தொன்பதின்மர் கடன்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. 1983 சூலைக்கும் 1987 சூனுக்கும் இடையே தமிழகத்திற் பிறந்தவர் இம்மாவட்டக் குடியிருப்புகளில் எத்துணைப் பேர்? அவர் பலர் மண்டபத்திலோ பிற முகாமிலோ பிறந்து பின் இங்கு மாற்றப்பட்டவராயிருப்பர். பிறந்த ஊரின் ஊராட்சி, பேரூராட்சிப் பதிவேடுகளில் நான்காண்டுப் பக்கங்களைப் புரட்டினால் போதும். பெயர் பதியாது விடுபட்டிருப்பின், காலந்தாழ்ந்த பிறப்புப் பதிவுக்கும் சட்டத்தில் வழியுண்டு. சான்று கைக்கு வந்ததும் கடவுச்சீட்டு விண்ணப்பமும் வாக்காளர் பட்டியல் விண்ணப்பமும் எழுதவேண்டும். எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் இங்குப் பலர் வந்துள்ளீர்கள். குறிஞ்சிப்பாடிக்கு மஞ்சக்குப்பத்தினின்று பேருந்து உண்டு; ஞாயிற்றுக்கிழமை காலை சென்றால் வேலைக்குப் போனவரும் வீட்டில் இருப்பர்.